கார் முன்சக்கர பிரேக் பேடும் டிஸ்க்கும் வீட்டிலேயே மாற்றுவது எப்படி: காரைக்குடி ஷெட்டில் நான் செய்கிற முறை, முழுசாக

ஓடித் தேய்ந்த பிரேக்கைவிட, நின்று நின்றே கெட்டுப்போன பிரேக்கைத்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் பார்க்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கார் மட்டும் பின்தெரு ஷெட்டில் உறை போட்டு நிற்கும். பொங்கலுக்கோ முன்னோர் படைப்புக்கோ ஒரு கல்யாணத்துக்கோ வரும்போதுதான் சாவி போடுவார்கள். ஆறு மாதம் நின்ற காரின் டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) துரு ஏறியிருக்கும், காலிப்பருக்குள் (அந்தத் தட்டை இரண்டு பக்கமும் பேடு என்கிற உராய்வுக் கட்டைகளால் கவ்வும் பாகம்) இருக்கும் பின் இறுகியிருக்கும், அது தெரியாமல் நேராகத் திருச்சிக்கு எடுத்துப் போவார்கள்.

எங்கள் வீட்டு ஸ்விஃப்ட்டுக்கும் அதுதான் நடந்தது. முன்சக்கரத்தில் கீச்சுச் சத்தம் வருகிறது என்று அப்பச்சி ஒரு பட்டறையில் விட்டார்கள். பழைய பேடை உருவிப் புதுசைச் சொருகி அரைமணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். ஏழே மாதம். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் சாலை ஓரம் முழுக்க வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும் இரவு அது. பிரேக்கை மிதித்தால் கரகரவென்று இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம், கார் இடது பக்கம், அதாவது நடக்கிறவர்கள் பக்கம் இழுக்கிறது. இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் கழற்றிப் பார்த்தால் இடது பக்கம் வெளிப்பேடு புதுசு மாதிரி இருக்கிறது, உள்பேடு தகடு வரைக்கும் தேய்ந்து டிஸ்க்கில் பள்ளம் போட்டிருக்கிறது. காரணம், காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் ஒரு விரல் நீளமுள்ள ஸ்லைடு பின். அதை யாரும் உருவித் துடைக்கவே இல்லை.

அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன். பேடைக் கழற்றி மாட்டுவது பாதி வேலைகூட இல்லை. பின்னைச் சுத்தம் செய்வதும், டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பாகமான ஹப்பின் முகத்தைத் துரு இல்லாமல் தேய்ப்பதும்தான் மீதி, அதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே எழுதுவது முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்கு மட்டும். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். உங்கள் காரில் பின்னாலும் டிஸ்க் இருந்தால் அதன் பிஸ்டனை (பேடை டிஸ்க்கில் அழுத்தும் உருளை) அழுத்தித் தள்ளக் கூடாது, பலவற்றில் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பட்டனில் வேலை செய்யும் எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தொடவே கூடாது.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா?

பிரேக் மிதிக்கும்போது மெல்லிய கீச்சு வந்தால் பேடில் இருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட ஆரம்பித்திருக்கலாம். கரகரப்பு என்றால் தாமதம் ஆகிவிட்டது. மிதிக்கும்போது பெடலோ ஸ்டியரிங்கோ அதிர்ந்தால் டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இல்லை. ஒரு பக்கம் இழுத்தால் பெரும்பாலும் ஒரு காலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவையும் பாருங்கள், பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அதனால் அளவு கொஞ்சம் குறைந்தால் பேடு தேய்ந்திருக்கலாம், வேகமாகக் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது.

சக்கரத்தின் இடுக்கு வழியாக டார்ச் அடித்து வெளிப்பேடைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். எங்களை ஏமாற்றியது அதுதான். உள்பேடு தெரிய வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பேடின் உராய்வுப் பகுதி, பின்தகட்டைச் சேர்க்காமல், 3 மி.மீ. ஆகிவிட்டால் மாற்றுங்கள்.

டிஸ்க்குக்கும் ஒரு குறைந்தபட்சத் தடிமன் உண்டு. டிஸ்க்கின் நடுத்தொப்பியிலோ விளிம்பிலோ ஆங்கிலத்தில் ‘மின் டிஹெச்’ என்று போட்டு அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள். புதுசுக்கும் அதற்கும் பெரும்பாலும் 2 மி.மீ. அளவே வித்தியாசம் இருக்கும். வெர்னியர் வைத்து அளக்கும்போது ஓரத்தில் தேயாமல் நிற்கும் கரையை விட்டுவிட்டு உள்ளே, பேடு உரசுகிற பாதையில் நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். கரையோடு சேர்த்து அளந்தால் இன்னும் தடிமன் இருப்பது போலத் தோன்றும். லேத்தில் கொடுத்துக் கடைந்து போடலாமே என்று கேட்பார்கள். கடைந்த பிறகும் அந்த எண்ணுக்கு மேல் தாராளமாக இருந்தால் செய்யலாம்தான், ஆனால் மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. ஆழமாகக் கீறிய டிஸ்க்கைக் கடைவதைவிடப் புதுசு போடுவதையே நான் செய்கிறேன்.

வாங்கும்போது

ஆர்.சி. புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கார் பெயரும் வருடமும் சொன்னால் போதாது, ஒரே பெயரில் வந்த காரிலேயே வருடத்துக்கும் எஞ்சினுக்கும் ஏற்ப டிஸ்க்கின் விட்டம் மாறும். சேசிஸ் எண்ணை வைத்துப் பார்த்தால் தவறாது. அப்படியும் சந்தேகம் என்றால் வண்டியை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பழைய டிஸ்க்கை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸிலோ பைக்கிலோ போய் மேலே வைத்துப் பார்த்து வாங்குங்கள். நான் அப்படிப் போயிருக்கிறேன்.

பேடு ஒரு செட் என்றால் நான்கு, இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்து. டிஸ்க் இரண்டு. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது வேண்டாம், இரண்டு பக்கமும் பிடிமானம் வேறுபட்டால் அவசரமாக மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் திரும்பும். கம்பெனி பேடு இல்லாவிட்டால் பெயர் தெரிந்த தயாரிப்பை வாங்குங்கள். சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் டிவிஎஸ் கர்லிங், ரானே, பாஷ் எல்லாம் எளிதாகக் கிடைக்கும். அட்டைப்பெட்டியின் அச்சு மங்கலாக, பேடின் பின்தகட்டில் எந்த எண்ணும் இல்லாமல், பாதி விலைக்குக் கிடைப்பதைத் தொடாதீர்கள். பிரேக்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கூடவே பேடு உட்காரும் எஃகு கிளிப் செட், ஸ்லைடு பின்னுக்கான சிலிக்கான் வகை பிரேக் கிரீஸ், ஒரு டப்பா பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, டப்பா மூடியில் போட்டிருக்கும் அதே வகை பிரேக் ஆயில் அரை லிட்டர். டாட் 3 என்று இருந்தால் 3, டாட் 4 என்று இருந்தால் 4. சாதாரண வீல் கிரீஸைப் பின்னில் தடவுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. பெட்ரோலிய கிரீஸ் அங்கே இருக்கும் ரப்பரை ஊதவைத்துவிடும், ஊதிய ரப்பர் பின்னை இறுக்கிப் பிடிக்கும், கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

கருவிகள்: நல்ல ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, வீல் ஸ்பானர், 12, 14, 17 அளவு ரிங் ஸ்பானரும் சாக்கெட்டும், ராட்செட், நீளக் கைப்பிடி, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்), சி-கிளாம்ப், கம்பி பிரஷ், உப்புத்தாள், திருப்புளி, சுத்தியல், கட்டுக்கம்பி கொஞ்சம், பழைய வேட்டித்துணி, கையுறை, முகக்கவசம். ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பி இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. போல்ட்டை உடைக்க நெம்பும்போது கார் ஆடும், ஜாக்கி சாய்ந்தால் கை போகும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் பழகிய மெக்கானிக்கிடம் ஒரு நாளைக்கு வாங்கி வந்தாவது வையுங்கள்.

இடமும் நேரமும்

நம் வீடுகளில் இடத்துக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் எல்லா இடமும் ஜாக்கிக்கு ஆகாது. ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் காரை ஏற்றி ஜாக்கி வைக்காதீர்கள். சிமெண்டும் மணலும் வைத்துக் கண்ணாடி மேல் வார்த்த கல் அது, சின்ன வட்டத்தில் அரை டன் எடை இறங்கினால் விரிசல் விடும், பிரேக் ஆயில் சிந்தினால் கறையும் போகாது. செம்மண் தரையும் ஆகாது, வெயிலில் கல் மாதிரி தெரியும், எடை ஏறியதும் ஸ்டாண்டின் கால் மெல்லப் புதையும். சிமெண்டுத் தளம் போட்ட ஷெட்தான் சரி. வேறு வழியே இல்லை, மண்தரைதான் என்றால் தடித்த பலகை ஒன்றை அடியில் போட்டு, முழு எடையும் இறங்கிய பிறகு பலகை சாய்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் இங்கே ஸ்பானரைத் தொட முடியாது. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் முதல் தடவை செய்கிறவருக்கும் மதியச் சாப்பாட்டுக்குள் முடியும். ஓடிவந்த காரென்றால் பிரேக் ஆறட்டும், டிஸ்க் சூடு கையைச் சுட்டுவிடும்.

காரை மேட்டில் நிறுத்தாமல் சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும், தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரம் சுற்றும், காரும் ஆடும். அப்புறம் கார் புத்தகத்தில் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டை வைத்து, எடையை ஸ்டாண்டில் இறக்கி, காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது. கழற்றிய சக்கரத்தைக் காரின் பக்கவாட்டுக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், எது நழுவினாலும் கார் அதன் மேல்தான் விழும்.

கழற்றுவது

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். எது எங்கே இருந்தது என்ற குழப்பம் வந்தால் அடுத்த பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம், அது பெரிய துணை. தொடங்குவதற்கு முன் ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுத்துவையுங்கள்.

ஸ்டியரிங்கைத் திருப்பி, காலிப்பரின் பின்பக்கம் வெளியே தெரியும்படி வையுங்கள். காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன போல்ட்டுகள் தெரியும், அவைதான் ஸ்லைடு பின்னில் போய்த் திருகுகின்றன. போல்ட்டைத் திருப்பும்போது பின்னும் சேர்ந்து சுற்றினால் மெல்லிய ஸ்பானரால் பின்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கழற்றியதும் காலிப்பர் வரும், வராவிட்டால் திருப்புளியால் பேடை லேசாக நெம்பினால் பிஸ்டன் கொஞ்சம் உள்ளே போய் இடம் விடும்.

வந்த காலிப்பரை அதன் ரப்பர் குழாயில் தொங்கவிடாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது, குழாயின் உள்சுவர் கிழிந்துவிடும். கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். காலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், பிஸ்டன் பிதுங்கி வெளியே வந்துவிடும். சின்னப் பிள்ளைகள் ஓட்டுநர் சீட்டில் ஏறி விளையாடுகிற வீடு என்றால் கதவைப் பூட்டுங்கள்.

பழைய பேடுகளை உருவியதும் தூக்கிப் போட்டுவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலிப்பரின் கதை முழுக்க அதில் எழுதியிருக்கும். உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒன்றாகத் தேய்ந்திருந்தால் எல்லாம் நலம். உள்பேடு மட்டும் மெலிந்திருந்தால் பின் இறுகியிருக்கிறது அல்லது பிஸ்டன் திரும்பி உள்ளே போகவில்லை. ஒரே பேடு ஆப்பு மாதிரி ஒரு முனை தடித்து ஒரு முனை மெலிந்திருந்தால், இரண்டு பின்னில் ஒன்று ஓடவில்லை. இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பேடு போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும்.

பிரேக் தூசியை வாயால் ஊதவோ கம்ப்ரெஸர் காற்றால் அடிக்கவோ வேண்டாம். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், இல்லாவிட்டாலும் அந்தப் பொடி நுரையீரலுக்கு ஆகாது. கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்தது பிராக்கெட், காலிப்பரையும் பேடுகளையும் தாங்கும் சட்டம். பின்பக்கம் இரண்டு பெரிய போல்ட்டுகள், பெரும்பாலும் 17. இவைதான் இந்த வேலையிலேயே முரண்டு பிடிப்பவை. துரு நீக்கும் எண்ணெய் அடித்துக் கால்மணி நேரம் விடுங்கள். ஆறுமுனை சாக்கெட்டைப் போல்ட்டின் தலையில் முழுசாக உட்கார வைத்து, நீளக் கைப்பிடி போட்டு, வெட்டி இழுக்காமல் நிதானமாக அழுத்துங்கள். பின்பக்கம் இருந்து பார்ப்பதால் எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதில் பலர் குழம்பி இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். போல்ட்டின் தலை உங்கள் கண்ணைப் பார்த்து இருப்பதாக நினைத்துக்கொண்டு இடஞ்சுழியாகத் திருப்புங்கள்.

டிஸ்க்கும் அதன் அடியில் இருக்கும் முகமும்

சில கார்களில் டிஸ்க்கை ஹப்போடு பிடித்து ஒன்றோ இரண்டோ சின்ன ஸ்க்ரூ இருக்கும். திருப்புளியை அதில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினால் தலை மழுங்காது. அதற்குப் பிறகும் டிஸ்க் வராது, ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் முகத்தில் மரை வெட்டிய இரண்டு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், பல டிஸ்க்கில் 8 மி.மீ. மரை இருக்கும். அதில் இரண்டு போல்ட்டை விட்டு மாற்றி மாற்றிக் கால் சுற்றாகத் திருகினால் டிஸ்க் தானே கழன்று முன்னால் வரும். ஓட்டை இல்லையென்றால் எண்ணெய் அடித்து, வீல் போல்ட்டுகளுக்கு இடையில் உள்ள தட்டையில் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். திரும்பப் போடப்போகிற டிஸ்க்காக இருந்தால் உரசும் பரப்பில் அடிக்கவே கூடாது.

இப்போது தெரிகிற ஹப் முகத்தில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். டிஸ்க் இருந்த இடத்தில் செதில் செதிலாகத் துரு நிற்கும். அது அப்படியே இருக்க அதன் மேல் புது டிஸ்க்கை வைத்தால், மயிரிழை அளவு துரு டிஸ்க்கை ஒரு பக்கம் சாய்த்துவிடும், அந்தச் சாய்வு விளிம்புக்குப் போகும்போது இன்னும் பெரிதாகும். முதல் வாரம் ஒன்றுமே தெரியாது. டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை லேசாகத் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் மெலியும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்துப் பெடல் அதிர ஆரம்பிக்கும், நாமோ டிஸ்க் வளைந்துவிட்டது, மட்டமான டிஸ்க் என்று கடைக்காரரைத் திட்டுவோம். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்து, போல்ட்டுகளின் அடியில் உள்ள மூலைகள் உட்பட, இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேயுங்கள். துரு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் காரைக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே இத்தனை வருடமாக ஆராய்ந்துவரும் முக்கியமான விஷயங்களில் உலோக அரிப்பும் ஒன்று.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி அனுப்பியிருப்பார்கள். பிரேக் கிளீனர் அடித்து, துணி கறுக்காமல் வரும் வரை இரண்டு பக்கமும் துடையுங்கள். பிறகு ஹப்பில் வைத்து, இரண்டு மூன்று வீல் நட்டைப் போட்டு இறுக்கிப் பிடிக்க வைத்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) இருந்தால் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் அருமை. இல்லாவிட்டால் பிராக்கெட்டை மாட்டி, அதற்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளி சுற்றும்போது கூடிக் குறைகிறதா என்று கண்ணை ஒட்டி வைத்துப் பாருங்கள். கண்ணுக்கே ஆட்டம் தெரிந்தால் கழற்றி மறுபடி துடைக்க வேண்டும், சோம்பல்படாதீர்கள்.

பின்

பிராக்கெட்டில் இருக்கும் இரண்டு பின்னையும் உருவுங்கள். மேல்பின் எது, கீழ்ப்பின் எது என்று குறித்துவையுங்கள், பல கார்களில் இரண்டும் ஒன்றல்ல, ஒன்றின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும். பழைய கிரீஸ் கறுத்துக் களிம்பு மாதிரி ஆகியிருக்கும். துணியால் துடைத்து, ஓட்டைக்குள்ளும் கிளீனர் அடித்து, குச்சியில் துணி சுற்றி விட்டு எடுத்து, காயவிடுங்கள். பின்னில் துருப்பள்ளம் விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டு ஒப்பேற்றாமல் புதுப் பின் வாங்குங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும். கிழிந்த உறை வழியாகத்தான் தண்ணீரும் செம்மண் புழுதியும் உள்ளே போகின்றன.

சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசி உள்ளே விடுங்கள், நிறைய அப்பினால் உள்ளே காற்று அடைபட்டுப் பின் வெளியே தள்ளும். விரலால் தள்ளினால் வெண்ணெயில் போவது போலப் போய் வர வேண்டும். பழைய கிளிப்புகளை எடுத்துவிட்டு அதன் அடியில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் புதுக் கிளிப் மாட்டுங்கள். அந்தத் துரு கிளிப்பை மேலே தூக்கினால் பேடு இறுகும், பேடு அதன் இடத்தில் கையாலேயே முன்னும் பின்னும் நகர வேண்டும்.

பிஸ்டன், பேடு

பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் தளர்த்துங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலே ஏறும், நிரம்பியிருந்தால் வழியும். ஒரு சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அந்த ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பழைய பேடு ஒன்றைப் பிஸ்டன் மேல் வைத்து சி-கிளாம்ப்பை மெதுவாகத் திருகுங்கள். நேராக, ஒரே சீராக உள்ளே போக வேண்டும். போகாமல் முரண்டு பிடித்தாலோ, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் கிழிந்து உள்ளே துரு தெரிந்தாலோ, ஓரத்தில் ஈரம் கசிந்தாலோ நிறுத்துங்கள். அது காலிப்பரையே பிரித்துச் சீல் மாற்ற வேண்டிய வேலை.

பிராக்கெட்டை மாட்டி இறுக்குங்கள், சின்னக் கார்களில் இது பெரும்பாலும் 80 முதல் 100 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும், சரியான எண்ணை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துப் போடுங்கள். புதுப் பேடில் எச்சரிக்கைத் தகடு இருப்பது பெரும்பாலான கார்களில் உள்பக்கம் வரும், முதலில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேடின் இரண்டு காது முனைகளிலும் பின்தகடு பிஸ்டனைத் தொடும் இடத்திலும் மட்டும் பிரேக் கிரீஸ் லேசாக. உரசும் முகத்தில் ஒரு கைரேகைகூட வேண்டாம், பட்டுவிட்டால் கிளீனர் போட்டுத் துடையுங்கள். காலிப்பரை இறக்கிச் சின்ன போல்ட்டுகளைப் போடுங்கள். இவை மெல்லியவை, பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள்தான் வரும். பலம் இருக்கிறது என்று நெரித்தால் மரை போய்விடும். ரப்பர் குழாய் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள்.

சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் முடிந்தவரை திருகி, காரைத் தரையில் இறக்கிய பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். வரிசையாகச் சுற்றிப் போனால் டிஸ்க் கோணலாக உட்காரும், ஹப்பை அவ்வளவு நேரம் தேய்த்தது வீண். அப்புறம் அடுத்த பக்கம், அதே வரிசை.

சாவி போடுவதற்கு முன்

பெடலை மிதியுங்கள். முதல் மிதியில் அது தரை வரைக்கும் போகும், ஏனென்றால் நாம் தள்ளிய பிஸ்டன் உள்ளேதான் இருக்கிறது, பேடு இன்னும் டிஸ்க்கைத் தொடவில்லை. பத்துப் பதினைந்து தடவை மெதுவாக மிதித்து, கல் மாதிரி கெட்டியான பிறகுதான் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் வேலை முடிந்த சந்தோஷத்தில் இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தார், கார் நிற்காமல் போய் எதிர்வீட்டுத் திண்ணைத் தூணில் மோதியது. அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆயில் அளவை மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் வைத்து மூடுங்கள். ஆயில் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் முழு ஆயிலையும் மாற்றச் சொல்வேன். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலுக்குக் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் அதன் தர அளவு 155 தான். கொதித்தால் குழாயில் ஆவி அடைத்துப் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

பதப்படுத்துவது

புதுப் பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். விடியற்காலை திருமயம் பக்கம் போகும் நேர்ச்சாலையில் கூட்டமில்லாத நேரம் நான் போவேன். முதலில் வீட்டு வாசலிலேயே மெதுவாக உருட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, சாலையில் 50 கி.மீ. வேகம் எடுத்து, பின்னால் யாரும் இல்லை என்று கண்ணாடியில் பார்த்து, சீராக அழுத்தி 10 கி.மீ. வரை குறைப்பேன். முழுசாக நிறுத்துவதில்லை. சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தினால் அதன் படிவு டிஸ்க்கில் அச்சாக ஒட்டிக்கொள்ளும். அரை நிமிடம் ஓட்டி ஆறவிட்டு மறுபடி. எட்டுப் பத்துத் தடவை. பிறகு பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆற்றிக்கொண்டு வீடு திரும்புவேன். லேசான வாடை வருவது சகஜம், புகை வந்தால் நிறுத்திப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய், தொடாமல், சூட்டை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கம் பேடு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, பின்னையும் கிளிப்பையும் மறுபடி பாருங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் போட்டு ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். முதல் 300 கி.மீ. அவசர பிரேக் தேவைப்படாத தூரம் விட்டு ஓட்டுங்கள். பெடல் மெத்தென்று இருந்தாலோ, ஏபிஎஸ் விளக்கு அணையாவிட்டாலோ, ஆயில் இறங்கிக்கொண்டே போனாலோ அந்தக் காரைச் சாலைக்கு எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

மழையிலோ கழுவியோ நின்ற காரின் டிஸ்க்கில் மறுநாள் செம்பழுப்பாகத் தெரிகிற மெல்லிய துரு நாலு தடவை மிதித்தால் போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் நிற்கப்போகிற கார் என்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள், பின்டிரம்முக்குள் ஷூ ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஓட்டத் தெரிந்தால் வாரம் ஒரு தடவை கோட்டையூர் வரைக்கும் போய், வழியில் ஏழெட்டுத் தடவை நன்றாக பிரேக் மிதித்துவிட்டுத் திரும்பச் சொல்லிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.